மறு: 'பதுக்ககம்' வேண்டாம், 'அண்மையகம்' சரிவருமா?

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். கணினியில் ஆங்கிலத்தில் 'கேஷ்' (cache) எனப்படும் சிறு நினைவகத்துக்கு நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள 'பதுக்ககம்' வேண்டாம், 'அண்மையகம்' என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன்.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி நேற்று எழுதியது:

> பதுக்ககம் என்ற சொல் நம் பட்டியலில் ஏறி வருடங்கள் ஆகிவிட்டன. நாலு பேர் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். இப்போது அதை ஏன் கலைக்க வேண்டும்?

அண்ணாச்சி, கலைக்க வேண்டும் என்று நினைத்து நான் இதைத் தொடங்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியின் அடிப்படைகளைச் சொல்லிக் கொடுக்கிறேன். பழைய மேசைக் கணினியின் மூடியைக் கழற்றி, இது செயலி, இது நினைவகம், இது வன்தட்டு என்று தொட்டுக் காட்டும்வரை ஒரு சிக்கலும் இல்லை. செயலிக்கு உள்ளேயே இன்னொரு சிறு நினைவகம் இருக்கிறது, அதன் பெயர் பதுக்ககம் என்று பலகையில் எழுதினேன். உடனே ஒரு பிள்ளை, "அக்கா, பதுக்குறது தப்புல்லா? யாருக்குத் தெரியாம பதுக்குது?" என்று கேட்டாள்.

யாரிடமிருந்தும் எதையும் அது பதுக்கவில்லை. இதுதான் உண்மையான பதில். அரிசியும் மண்ணெண்ணெயும் பதுக்கப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஏறாது. சரி, 'கேஷ்' என்றே எழுதிவிடலாமா என்றால், கேஷ் என்பது இங்கே கல்லாப்பெட்டியில் இருக்கும் பணம்.

பதுக்கு என்ற வேர் எப்படி வந்தது என்பது தெரிந்ததுதான். பிரெஞ்சில் ஒளித்து வைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து ஆங்கிலச் சொல் பிறந்தது, நாம் அந்த வேரை அப்படியே தமிழாக்கிக்கொண்டோம். ஆனால் ஆங்கிலத்திலேயே இந்தக் கருத்து அந்தப் பெயரோடு பிறக்கவில்லை. 1965-இல் பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் தம் கட்டுரையில் இதை 'அடிமை நினைவகம்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியை வடிவமைத்தவர்கள் 'அதிவேக இடையகம்' என்கிற மாதிரி ஒரு பெயரை வைத்திருந்தார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழ் ஆசிரியர்தான் இன்னும் பொருத்தமான பெயர் வேண்டுமென்று இன்றைய சொல்லைக் கொடுத்தார். 1968-இல் வெளிவந்த கட்டுரைகள் வழியாக அது நிலைத்தது. அவர்களே பெயரை மாற்றித்தான் இங்கு வந்து சேர்ந்தார்கள் என்றால், நாம் மாற்றுவதில் தவறில்லை.

அண்ணாச்சி, நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு இந்தச் சிறு நினைவகம் தெரியாது, அந்த வகையில் ஒளிந்திருப்பது உண்மைதானே என்று நீங்கள் முன்பு சொன்னது நியாயம். ஆனால் ஒளிந்திருப்பதால் அது வேலை செய்யவில்லை. பக்கத்தில் இருப்பதால் வேலை செய்கிறது.

பாளை மார்க்கெட்டில் எங்கள் தாத்தா பலசரக்குக் கடை வைத்திருந்தார். மூட்டைகள் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், கிடக்கும். கடைக்குள் தட்டுகளில் டின்கள் அடுக்கியிருக்கும். சீனியும் துவரம்பருப்பும் கருப்பட்டியும் மட்டும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீட்டி எடுக்கிற தூரத்தில் இருக்கும். பொங்கல் சமயத்தில் பச்சரிசியும் மண்டைவெல்லமும் அந்த இடத்துக்கு வரும், அப்புறம் மறுபடி உள்ளே போய்விடும். எதை யார் அடிக்கடி கேட்கிறார்களோ அதற்குத்தான் அந்த இடம்.

கணினியில் இந்தத் தூர வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்குப் பெரியது. செயலிக்கு மிக அருகில் உள்ள அடுக்கிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறக்குறைய 1 நானோநொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆகிறது. முதன்மை நினைவகத்துக்குப் போய்வர 100 நானோநொடி வரை ஆகலாம். சுழலும் வன்தட்டு என்றால் 10 மில்லிநொடி, அதாவது 1 கோடி நானோநொடி. பிள்ளைகளுக்கு இதைப் பெருக்கிக் காட்டினேன். கை நீட்டி எடுப்பது 1 நொடி என்று வைத்துக்கொண்டால், கடைத் தட்டுக்குப் போய்வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும், கிட்டங்கிக்குப் போய்வர ஏறக்குறைய 4 மாதம் ஆகும். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

பின்னே எல்லாவற்றையும் பக்கத்திலேயே வைத்தால் என்ன என்று ஒருவன் கேட்டான். அங்கே ஒரு பிட்டை (0 அல்லது 1) பிடித்து வைக்க வழக்கமாக 6 டிரான்சிஸ்டர் (நுண்ணிய மின்சுவிட்சு) வேண்டும். முதன்மை நினைவகத்தில் 1 டிரான்சிஸ்டரும் 1 மின்தேக்கியும் போதும். இடமும் விலையும் கட்டுப்படியாகாது.

இனி சொல்லுக்கு வருகிறேன். இந்தச் சிறு நினைவகம் இரண்டு நம்பிக்கைகளில் ஓடுகிறது. சற்றுமுன் கேட்ட தரவை மறுபடியும் கேட்பார்கள் என்பது ஒன்று. கேட்ட தரவுக்கு அடுத்தாற்போல் இருப்பதையும் கேட்பார்கள் என்பது மற்றொன்று. அதனால்தான் ஒரு பைட்டு (8 பிட்டு) கேட்டாலும், இன்றைய பெரும்பாலான கணினிகளில் 64 பைட்டுத் துண்டாகவே அள்ளிவருகிறது. 'திருநெல்வேலி' என்ற பெயரை, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 12 குறிகள் ('தி' என்பது 'த'வும் இகரக் குறியுமாக இரண்டு), குறிக்கு 3 பைட்டு, ஆக 36 பைட்டு. பெயர் ஒரு துண்டின் தலையில் தொடங்கினால், 'தி'யின் முதல் பைட்டைக் கேட்டவுடனே கடைசி 'லி' வரை கைக்கு வந்துவிடும்.

ஒன்று காலத்தில் நெருக்கம், மற்றொன்று இடத்தில் நெருக்கம். தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கிறது: அண்மை. 'அண்மையில் வந்தார்' என்றால் காலம், 'ஊருக்கு அண்மையில்' என்றால் இடம். நினைவகம், பதிவகம் வரிசையில் 'அண்மையகம்' தானாகவே உட்கார்ந்துவிடுகிறது. இதை யோசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

'கிட்ட' என்பதிலிருந்து 'கிட்டகம்' என்றும் யோசித்தேன். நம் பக்கம் கிட்டங்கி என்ற சொல் இருக்கிறபோது குழப்பம் வரும், அதுவும் நேரெதிரான பொருளோடு. ஆனால் கிட்டு என்ற வினையை விட மனசில்லை. தேடிய தரவு அண்மையகத்தில் இருந்தால் 'கிட்டல்', இல்லாவிட்டால் 'கிட்டாமை' என்று வைத்துக்கொள்ளலாம். அருகில் வருவதும் கைக்குக் கிடைப்பதும் அந்த ஒரே வினையில் இருக்கின்றன.

சேரன்மகாதேவித் தம்பி எழுதியது:

> நம்ம ஊர்க் குளத்தை வைத்து ஒரு சொல் ஆக்கினால் என்ன? ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் தண்ணீரைத் தேக்கி வைப்பது அதுதானே.

நல்ல உவமை தம்பி, ஆனால் அது வேறு கருத்துக்கு உரியது. பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் வழியாக வரும் தண்ணீர் குளத்தில் நின்று, மடை திறந்ததும் வயலுக்குப் போகிறது. வரத்தும் தேவையும் ஒரே வேகத்தில் இல்லாததால் நடுவில் தேக்குகிறோம். போன தண்ணீர் மறுபடி குளத்துக்கு வருவதில்லை. காணொளி ஓடும்போது முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைப்பது இந்த வகை. அதற்கு 'இடையகம்' (பஃபர்) இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அண்மையகத்தில் ஒரே தரவைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டால் தொடக்கநிலைப் பிள்ளைகள் கடைசிவரை பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

வள்ளியூர் மதினி கேட்டது:

> அங்கே இருப்பது நகல், மூலம் நினைவகத்தில் இருக்கிறது. இதைச் சொல் காட்டவில்லையே?

காட்டவில்லைதான் மதினி. பதுக்ககமும் காட்டவில்லை. ஒரு பெயர் எல்லாவற்றையும் சுமக்க முடியாது, அதை விளக்கத்தில் முதல் வரியாக எழுதிவிடலாம். உலாவிக்கும் (பிரவுசர்) இந்தச் சொல் பொருந்துகிறது. தூரத்துச் சர்வரில் இருக்கும் படத்தின் நகலை நம் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது, அதுவும் அண்மைதான். பக்கம் பழையதாகவே தெரிந்தால் 'அண்மையகத்தைத் துடையுங்கள்' என்று சொல்லலாம்.

வரும் சனிக்கிழமை பலகையில் பதுக்ககத்தை அழித்துவிட்டு அண்மையகம் என்று எழுதப் போகிறேன். அந்தப் பிள்ளை என்ன கேட்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். அண்ணாச்சி, அதுவரை பட்டியலில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து