புதுப்பிப்பு: மின் இணைப்பில்லாத குவிமாட வீட்டில் ஒரு மழைக்காலம்

கொல்லிமலையில், மின்வாரிய இணைப்பு இல்லாமல், ஃபைபர் பலகைகளைப் பூட்டி எழுப்பிய சிறு குவிமாட வீட்டில் குடியேறியதைப் பற்றி முன்பு எழுதியபோது, மழைக்கு ஒழுகுமா, மின்சாரம் போதுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டதால் இப்போது விடை சொல்ல முடிகிறது.

அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954-இல் காப்புரிமை பெற்ற முக்கோணச் சட்டக் குவிமாடங்களில், வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் எண்ணற்ற இணைப்புகளின் வழியே நீர் கசிவது பழைய தொல்லை. எங்கள் வீட்டில் பலகைகள் குறைவு. மேற்பலகையின் விளிம்பு கீழ்ப்பலகையின்மேல் ஓடுபோலப் படிந்திருப்பதால் ஒழுகவில்லை. ஆனால் சமையல் ஆவியும் மூச்சுக்காற்றின் ஈரமும் குளிர்ந்த உட்சுவரில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் தலைமாட்டில் வழிந்தன. உச்சியிலுள்ள காற்றுத் திறப்பை இரவிலும் சற்றே திறந்து வைத்த பிறகு இது பெரிதும் குறைந்தது.

சூரியத் தகடு தரும் மின்சாரத்தைப் பொறுத்தவரை, விளக்குக்கும் கைப்பேசிக்கும் குறைவில்லை. ஈய-அமில பேட்டரியில் சேர்ந்த மின்சாரத்தில் பாதிக்குமேல் அடிக்கடி செலவழித்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், மேகம் மூடிய நாட்களில் மிக்சியை நிறுத்திவிட்டு அம்மியில் அரைத்தோம்; சட்னி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்குள், பாதிக்குமேல் செலவழித்தாலும் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறவிருக்கிறோம்.