மறு: ‘டிராக்’, ‘சைடு மிரர்’, ‘வேக்’ – மூன்று சொற்கள் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு,

காரின் பக்கக் கண்ணாடியைச் சிறிதாக்கினால் எரிபொருள் எவ்வளவு மிஞ்சும் என்ற கட்டுரைக்கு மூன்று ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தோம். வந்த மடல்களை எல்லாம் படித்தேன். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிராக் (ஓடும் பொருளைக் காற்றோ நீரோ பின்னுக்கு இழுக்கும் விசை) – பின்னிழுப்பு, சைடு மிரர் – பின்காட்டி, வேக் (அந்தப் பொருளுக்குப் பின்னால் காற்றோ நீரோ கலங்கிக் கிடக்கும் தடம்) – சுழித்தடம்.

> காற்றுத்தடை என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இறகும் கல்லும் விழும் பாடத்துக்கு அது போதும். கார்க் கண்ணாடிக்குப் போதாது. ‘தடை’ என்றதும் முன்னால் நின்று மறிப்பதுதான் மனத்தில் வருகிறது. அப்படியானால் கண்ணாடிக் கூட்டின் முன்பக்கத்தைச் சரிசெய்தால் போதும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். முன்பக்கம் ஏற்கெனவே உருண்டு வழவழப்பாகத்தான் இருக்கிறது. சிக்கல் பின்பக்கத்தில். ஓட்டுநர் பார்க்கிற முகம் பின்னோக்கி இருந்தே ஆக வேண்டும். அதனால் கூட்டை வால் பக்கம் ஒடுக்கி முடிக்க வழியில்லை. விளிம்பு வரை ஒட்டி வந்த காற்று அங்கே பிரிந்துவிடுகிறது. அதன் பின்னால் அழுத்தம் குறைந்த, கலங்கிய பகுதி ஒன்று உண்டாகிறது. முன்னால் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு. இந்த வேறுபாடுதான் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது.

அடுத்த முறை நல்ல மழையில் நெடுஞ்சாலையில் போகும்போது, ஓட்டுநர் இருக்கையில் இல்லாதவர் கவனித்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியில் துளிகள் கோடு கோடாகப் பின்னால் ஓடும். பக்கக் கண்ணாடியின் முகத்தில் ஒட்டியவை ஓடுவதில்லை. அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். இதையே சோதனையாகச் செய்பவர்கள் கூட்டின்மேல் குட்டைக் கம்பளி நூல்களை ஒட்டி ஓட்டுவார்கள். முன்பக்கத்து நூல்கள் படிந்து பின்னோக்கிக் கிடக்கும். பின்பக்கத்து நூல்கள் துள்ளும், சமயத்தில் திரும்பி வண்டி போகிற திசையையே காட்டும். அந்த இடத்தில் காற்று தலைகீழாக ஓடுகிறது. ஆற்றில் பாலத் தூணுக்குப் பின்னால் நடப்பதும் இதே இயற்பியல்தான். அங்கே நாம் சொல்கிற ‘சுழி’ இங்கேயும் பொருந்துகிறது. எனவே சுழித்தடம்.

‘காற்று உராய்வு’ என்று எழுதிய நண்பருக்கு: உராய்வும் உண்டு. ஆனால் இப்படி மொட்டையாக முடியும் பொருளில் அதன் பங்கு மிகச் சிறியது. மெழுகு போட்டு மெருகேற்றினால் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் விதைத்துவிடும்.

‘இழுவிசை’ நல்ல சொல்தான், ஆனால் கயிற்றில் உள்ள டென்ஷனுக்கு அதைப் பாடநூல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘இழுவை’ என்றால் இழுவை வண்டி, இழுவைப்படகு, இழுவைமடி எல்லாம் கூடவே வருகின்றன. அவற்றில் ஒன்று இன்னொன்றைத் தான் போகும் திசையில் இழுத்துச் செல்கிறது. நமக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை.

மிச்சம் இருந்தது ‘காற்றிழுப்பு’. ஓசை அழகாக இருக்கிறது. ஆனால் என்ஜின் காற்றை உள்ளே இழுப்பதும் காற்றிழுப்புதானே? மூச்சுத்திணறலுக்கும் வீட்டில் ‘இழுப்பு’ என்கிறோம். ‘பின்’ சேர்ந்ததும் இரண்டு குழப்பமும் விலகிவிடுகின்றன. காற்று என்ற சொல் உள்ளே இல்லாததால் படகையும் நீரையும் பற்றிப் பேசும்போதும் அதே சொல்லை வைத்துக்கொள்ளலாம். வண்டி ரிவர்ஸில் போனால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘பின்’ என்பது போகும் திசைக்குப் பின். வண்டியின் பின்பக்கம் அல்ல. வரையறையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சொல் நிற்குமா என்பது வாக்கியத்தில் வைத்தால்தான் தெரியும். கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“காரின் பின்னிழுப்புக் கெழு (அதன் வடிவம் எவ்வளவு பின்னிழுப்பைத் தரும் என்று காட்டும் எண்) 0.30, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் பின்னிழுப்புப் பரப்பு 0.66 சதுர மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பின்னிழுப்பு ஏறக்குறைய 305 நியூட்டன். அதை வெல்ல மட்டும் 8.5 கிலோவாட் வேண்டும். இதில் இரண்டு பின்காட்டிகளின் பங்கு 4 சதவீதம் என்றால் 12 நியூட்டன், 340 வாட். பின்காட்டிகளைப் பாதியாகச் சிறிதாக்கினால் 170 வாட் மிஞ்சும். 50 கி.மீ. வேகத்தில் இந்த மிச்சம் எட்டில் ஒரு பங்காகி, 21 வாட்டுக்கு இறங்கிவிடும். காரணம், திறன் வேகத்தின் முப்படியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது.”

எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

இனி பின்காட்டி. இதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். ‘பக்க ஆடி’ என்று யாழ்ப்பாண நண்பர் முன்வைத்தார். குவியாடி, குழியாடி என்று இயற்பியலில் நாமும் எழுதுவதால் அது அந்நியம் இல்லை. ஆனால் இந்தக் கருவி ஆடியாகவே இருக்கப் போவதில்லை. 2013-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1 காரில் பக்க ஆடிக்குப் பதில் கேமரா. அதன் கெழு 0.189. ஜப்பான் 2016-இல் கேமராவுக்கு அனுமதி கொடுத்தது. 2018-இல் அங்கே லெக்சஸ் இஎஸ் கேமராவோடு விற்பனைக்கு வந்தது. அவுடி இ-ட்ரான் காரில் வழக்கமான ஆடி இருந்தால் கெழு 0.28, கேமரா இருந்தால் 0.27. ஐ.நா.வின் 46-ஆம் ஒழுங்குவிதி இரண்டையும் சேர்த்து ‘மறைமுகப் பார்வைக் கருவிகள்’ என்றே அழைக்கிறது. செய்கிற வேலையை வைத்துப் பெயரிட்டால் ஆடிப் பின்காட்டி, கேமராப் பின்காட்டி என்று பிரித்துக்கொள்ளலாம். ஷோரூமில் ‘ஓஆர்விஎம்’ (அவுட்சைடு ரியர்வியூ மிரர்) என்று சொல்பவர்களுக்கும் இது பழகிவிடும்.

சொல்லோடு ஒரு வேண்டுகோள். மைலேஜுக்காக இடப்பக்கப் பின்காட்டியையே கழற்றிவிடும் பழக்கத்தைக் கட்டுரை ஊக்குவிக்கக் கூடாது. டாடா நானோ 2009-இல் ஓட்டுநர் பக்கம் மட்டும் கண்ணாடியோடு வந்தது. நம் சாலைகளில் இருசக்கர வண்டிகள் இடப்பக்கம் நுழைந்து முந்துவதை நாம் எல்லாரும் தினமும் பார்க்கிறோம். 170 வாட்டுக்காக அந்தப் பார்வையை இழக்கலாகாது. சிறிய ஆடியில் அதே அகலப் பார்வை வேண்டுமானால் வளைவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் பின்னால் வரும் வண்டி உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஐ.நா.வின் 46-ஆம் ஒழுங்குவிதி பக்கத்து ஆடிகளுக்குக் குறைந்தது 1,200 மில்லிமீட்டர் வளைவு ஆரம் கேட்பது இதனால்தான். கட்டுரையில் இதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

கெழுவா குணகமா என்று இலங்கை நண்பர்கள் எழுப்பிய கேள்விக்கு: இரண்டையும் பதிவில் போடுவோம். பின்னிழுப்புக் கெழு, பின்னிழுப்புக் குணகம் இரண்டும் ஒன்றே என்று குறித்துவிட்டால் தேடுபவருக்கு எது கிடைத்தாலும் சரி. ‘சுழித்தடம்’ பற்றி மட்டும் கப்பல், படகுத் தொழிலில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். படகு விட்டுச்செல்லும் நீர்க்கோட்டுக்குக் கரையில் வேறு சொல் புழங்கினால், அதையே எடுத்துக்கொள்ள நான் தயார்.

அன்புடன்