உர மானியம்: 3 ஏக்கருக்கு வரவேண்டியது குறைந்து வந்திருக்கிறது. பட்டியலைப் பார்க்க வழி உண்டா?

வயல்கரை:
வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் குளத்துக்குக் கீழே அப்பா 3 ஏக்கர் வயல் செய்கிறார். 2024/25 காலபோகத்துக்கு, அதாவது மாரி நெல் விதைப்புக்கு, ஹெக்டயருக்கு 25,000 ரூபா, முதலில் 15,000, பிறகு 10,000 என்றார்கள். முதல் தவணையாக அப்பாவின் வங்கிப் புத்தகத்தில் விழுந்தது 12,000 சொச்சம். அதே வாய்க்காலில் 3 ஏக்கர் செய்கிற இன்னொருவருக்கு 18,000க்கு மேல் வந்திருக்கிறது. கமநல சேவை நிலையத்தில் கேட்டால், மேலிருந்து வந்ததைத்தான் போட்டோம் என்கிறார்கள். பட்டியலைக் காட்டச் சொன்னேன். மற்றவர்களின் சொந்த விபரம், காட்ட ஏலாதாம். ஊரிலோ வயலே இல்லாத ஆட்களுக்கும் காசு போனதாகக் கதை. "விடு பிள்ளை, வந்தமட்டும் காணும்" என்கிறார் அப்பா. எனக்கு விட மனமில்லை.

இரணைமடுவான்:
தங்கச்சி, கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டயர் என்பது கிட்டத்தட்ட 2.47 ஏக்கர். 2 ஏக்கர் 0.81 ஹெக்டயர், 15,000ஆல் பெருக்கினால் 12,150 அளவில் வரும். உங்கள் காசு அதுதான். களவெடுக்கிறவன் ஏக்கர்க் கணக்குப் பார்த்தா எடுப்பான்? பதிவேட்டில் அப்பாவின் பெயரில் 2 ஏக்கர்தான் இருக்கும்போல. மூன்றாவது ஏக்கர் யாருடைய பெயரில்?

வயல்கரை:
அண்ணை, அது பெரியப்பாவின் பேர்மிற் காணி, அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தது. அவர் கனடா போய்ப் பத்து வருடத்துக்கு மேல். அன்றிலிருந்து நாங்கள்தான் விதைக்கிறோம்.

இரணைமடுவான்:
சரி, அதுதான் சங்கதி. காணியை யார் செய்கிறார் என்று கமக்காரர் அமைப்பிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பெரியப்பாவிடமும் சம்மதக் கடிதம் எடுத்துக்கொண்டு பதிவைத் திருத்தக் கேளுங்கள். அடுத்த விதைப்புக்கு முன்னம் செய்தால் நல்லது.

கச்சேரியடி:
பதிவைத் திருத்துவது ஒரு பக்கம். அந்த ஒரு ஏக்கருக்கான காசு எங்கே போனது? அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். தருவார்களா மாட்டார்களா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

கேட்கிற விதத்தில்தான் வெற்றி. "எல்லோருடைய பெயரும் கணக்கிலக்கமும் தா" என்றால் தனிப்பட்ட விபரம் என்று கதவை மூடுவார்கள். அப்பாவின் பெயரில் எத்தனை ஏக்கர் பதிவு, பெரியப்பாவின் காணித்துண்டுக்கு மானியம் கொடுக்கப்பட்டதா, உங்கள் கமக்காரர் அமைப்பில் எத்தனை பேருக்கு, எத்தனை ஹெக்டயருக்கு, மொத்தம் எவ்வளவு. இந்த ஐந்தும் போதும். மொத்த ஹெக்டயர் குளத்தின் கீழ் உள்ள வயலை விடக் கூடினால், வயலில்லாத ஆட்களின் கதை தானாகவே வெளியே வரும்.

பனிவயல்:
நான் ஜேர்மனியில் இருக்கிறேன், ஊர் கிளிநொச்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் மானியம் வாங்கும் விவசாயிகளின் பெயரும் தொகையும் இணையத்தில் கிடக்கும். இதை எதிர்த்து இங்குள்ள விவசாயிகள் வழக்குப் போட்டு, 2010இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார்கள். பிறகு விதியை மாற்றிப் பெயர்களைத் திரும்பப் போட்டார்கள், ஆனால் வருடத்துக்கு 1,250 யூரோ வரை வாங்குகிற சின்ன ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு. நம்முடைய மானியத்துக்கு உச்சமே 2 ஹெக்டயர்தானே, அதாவது 50,000 ரூபா, 1,250 யூரோவுக்கு எவ்வளவோ கீழே. அந்த அளவுகோலில் வன்னியில் ஒரு பெயரும் வெளியே வராது! அதனால் கச்சேரியடி சொல்வதுபோல் மொத்தக் கணக்கைக் கேட்பதுதான் புத்தி.

வயல்கரை:
எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்தேன், இரணைமடுவான் அண்ணை சொன்னது சரி. பதிவேட்டில் அந்த ஏக்கர் இன்னும் பெரியப்பாவின் பெயரில்தான். கமக்காரர் அமைப்புத் தலைவர் கடிதம் தந்துவிட்டார். பெரியப்பா மட்டும் "காணியை எழுதிக் கேட்கிறியளோ" என்று தொலைபேசியில் ஒரு பாட்டம் கத்திவிட்டு, பிறகு அனுப்புகிறேன் என்றார். அந்த ஏக்கருக்குக் காசு போனதா என்று வாயால் கேட்டதற்குப் பதில் இல்லை. ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டேன். இன்றைக்கு 9ஆம் வேலை நாள். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.