ஏ.எஃப்.பி. சரியாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

மாயவரத்து மகன்:
அப்பாவுக்கு 63 வயது. மதுவைத் தொட்டதே இல்லை. 19 வருடச் சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், மூன்று வருடங்களுக்கு முன் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டது. "குடிக்காதவனுக்கு இது எப்படி?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். தங்கை கல்யாண அலைச்சலில் இரண்டு தவணை விட்டுப்போயிற்று. போன வாரம் எடுத்ததில் கல்லீரலில் 1.6 செ.மீ. கட்டி. ஆனால் கல்லீரல் புற்றைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் புரதமான ஏ.எஃப்.பி. 5 தான். "ரத்தம் நன்றாகத்தானே இருக்கிறது, மூன்று மாதம் போகட்டும்" என்கிறார் அப்பா. ஊசி வைத்துச் சதை எடுத்தால் பரவிவிடும் என்று பெரியப்பா பயமுறுத்துகிறார். கையோடு கீழாநெல்லி வேறு அரைத்துக்கொண்டு வந்துவிட்டார். என்ன செய்வது?

ஸ்கேன் அறைக்காரன்:
தம்பி, 11 வருடமாக சி.டி. அறையில்தான் என் பிழைப்பு. மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதெல்லாம் 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்கு. உங்கள் அப்பாவுக்கு இப்போதே மருந்து செலுத்திப் பல கட்டமாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். ஏ.எஃப்.பி.யை நம்பி உட்காராதீர்கள். சிறிய கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை.

கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. மருந்து ஏறிய அரை நிமிடத்தில் கட்டி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். அடுத்த சில நிமிடங்களில் சுற்றியுள்ள கல்லீரல் வெளுத்து, கட்டி கறுத்துத் தெரியும். சிரோசிஸ் உள்ளவரிடம் இவ்விரண்டும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ஊசிக்கே வேலை இல்லை. தெளிவில்லாவிட்டால்தான் அந்தப் பேச்சு. ஊசிப் பாதையில் பரவுவது உண்டு, ஆனால் அரிது.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் கெடுவது பெரும்பாலும் மூச்சில்தான். அடக்கச் சொன்னால் நம் ஆட்கள் அப்போதுதான் "சரிங்க" என்பார்கள்! வீட்டிலேயே பழக்குங்கள்.

வேலூர் மகள்:
என் அம்மாவுக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி. அந்தக் கிருமி இருந்தால் சிரோசிஸ் வராமலேயேகூடப் புற்று வரலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. 2.2 செ.மீ.யில் பிடித்தோம், ஊசி வழியாகச் சூடேற்றிக் கருக்கினார்கள். நான்கு வருடம் ஆகிறது, முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறார். உங்கள் அப்பாவுக்கு பி, சி இரண்டும் பார்த்தாயிற்றா? சர்க்கரை இருப்பதாலேயே வேறு காரணம் இல்லை என்று விட்டுவிடக்கூடாது. சி கிருமி மருந்தில் குணமானவர்களுக்கும், சிரோசிஸ் வந்துவிட்டால் ஆறு மாத ஸ்கேன் உண்டு. கீழாநெல்லியைப் பெரியப்பாவே குடிக்கட்டும்.

மாயவரத்து மகன்:
பி, சி இரண்டும் இல்லை என்று பழைய கோப்பில் இருக்கிறது. வியாழக்கிழமை சி.டி.க்கு நேரம் வாங்கிவிட்டேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து மூச்சை அடக்கிப் பழகுகிறார். அம்மா கடிகாரம் பார்க்கிறார். ஒன்பதாவது வினாடியில் "போதுமா?" என்று கேட்டுவிடுகிறார்.