மறு: ஆலயத் தானியக்கத்தில் ‘கியூ’வுக்கு என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆலய ஆராதனையில் கேமரா, ஒலி, திரை எல்லாவற்றையும் கணினி வழியே ஒரே பொத்தானில் இயக்கும்போது, ‘இப்போது மாறு’ என்று கருவிகளுக்குத் தரும் தூண்டுதலை ஆங்கிலத்தில் ‘கியூ’ (cue) என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார்கள். அண்ணன் சொன்ன ‘ஏவல்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் பில்லி, சூனியம், ஏவல் எல்லாம் விலக வேண்டும் என்று ஜெபம் நடக்கும் இடத்தில், “ஐயரே, உங்கள் பிரசங்கத்துக்கு ஏவல் வைத்தாயிற்று” என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ‘குறி’யும் வேண்டாம், அது வேறு தொழில்.

சரி, பொருளைப் பார்ப்போம். பிரசங்கியார் எழுந்ததும் ஸ்ட்ரீம் டெக் என்ற பொத்தான் பலகையில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். கம்பேனியன் மென்பொருள் அதை வாங்கி நாலு பக்கமும் கட்டளை அனுப்புகிறது. பிடிஇசட் கேமரா (தொலைவிலிருந்தே திருப்பக்கூடியது) பிரசங்க பீடத்துக்குத் திரும்புகிறது. நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸில் காட்சி மாறுகிறது. எக்ஸ்32 என்ற ஒலி மிக்சரில் பாடகர் குழுவின் மைக்குகள் மியூட் ஆகின்றன. திரையில் பாட்டு வரிகள் மறைகின்றன. காட்சி, கேமராவின் முன்னமைவு (பிரீசெட்) எல்லாம் ஏற்கெனவே சேமித்து வைத்த நிலைகள். அவற்றைக் கிளப்பிவிடும் அந்த ஒரு கணம்தான் கியூ. அதனால் ‘அமைவு’ என்று முடியும் எதுவும் இதற்கு ஒட்டாது. (எக்ஸ்32-இலும் ‘சீன்’ உண்டு. அதையும் ‘காட்சி’ என்று எழுதினால் மைக்செட்காரர் கேமராவைத் தேடுவார். அதற்கு ‘ஒலியமைவு’ போதும்.)

என் பரிந்துரை ‘எடுப்பு’. பாடுகிறவருக்கு அடியெடுத்துக் கொடுக்கிறோம் அல்லவா? தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கும் எடுப்பு என்றே பெயர். கியூக்களை வரிசையாக எழுதி வைக்கும் கியூ லிஸ்ட் ‘எடுப்பு நிரல்’ ஆகிவிடும். தமிழிசையில் பல்லவியையும் எடுப்பு என்பார்களே என்று யாராவது கேட்கலாம். நம் கீர்த்தனைப் புத்தகங்களில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்றே அச்சிடுகிறார்கள், குழம்ப இடமில்லை.

பல்லவி என்றதும் இன்னொன்று. நிரல் முழுவதும் தானாக ஓடட்டும் என்று தம்பி எழுதியிருந்தார். கீர்த்தனையில் அது நடக்காது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்ப வேண்டும், அதை எத்தனை தடவை பாடுவது என்பது அன்றைக்குப் பாடுகிறவரின் உற்சாகம். நேரத்தை வைத்து ஓடவிட்டால் திரை அடுத்த சரணத்துக்குப் போயிருக்கும், சபை பல்லவியிலேயே நிற்கும். ஆகவே இரண்டு சொல் வேண்டும்: ஆராதனைக்கு முன் ஓடும் எண்ணிறக்கம் (கவுண்ட்டவுன்) போன்றவற்றுக்குத் ‘தன்னெடுப்பு’, பாட்டுக்குக் ‘கையெடுப்பு’. பின்னது கையெடுத்துக் கும்பிடுவதுபோல ஒலிக்கிறது என்றால், ஆலயத்தில் அது ஒன்றும் குறையில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கேமரா திரும்பி நிற்பதற்குள் காட்சி மாறினால் கேமரா ஓடி வருவது நேரலையில் அப்படியே தெரியும். அதனால் காட்சி மாற்றத்தை ஓரிரு விநாடி தள்ளி வைக்கிறோம். இதைத் ‘தாமதம்’ என்றால் கருவி பழுது என்று நினைப்பார்கள். ‘பொறுநேரம்’ என்று வைக்கலாமா? நாடகத்தில் ஒளியமைப்பு செய்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று அக்கா கேட்டுச் சொன்னால் நல்லது.