முதல் ஸ்மார்ட்போன், ஆண்ட்ராய்டா ஐபோனா: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஆலங்குளத்திலிருந்து

என் அம்மாவுக்கு வயது 57. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறாள். 2024 தீபாவளி வரைக்கும் அவள் கையில் இருந்தது பட்டன் போன்தான். சென்னையில் இருக்கும் பேரனை முகம் பார்த்துப் பேச வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது. அண்ணன் ஊருக்கு வந்தபோது தன் பழைய ஐபோன் எக்ஸ்ஆரைக் கொண்டுவந்து கொடுத்தான். காசு போடாமல் நல்ல போன் கிடைக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இலை உரசி உரசி அம்மாவின் விரல் நுனி வழவழவென்று தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் நாலைந்து தடவை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். இந்தப் போன் முகத்தைப் பார்த்தே திறந்துகொண்டது. கண்ணாடி போட்டாலும் திறந்தது, கழற்றினாலும் திறந்தது. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே போனைத் தூக்கிப் பார்ப்பாள், திறக்கும்.

சிக்கல் உள்ளே போன பிறகு. "ஏட்டி, இதுல பின்னால போற பட்டன் எங்கட்டி இருக்கு?" என்று கேட்டாள். அப்படி ஒரு பட்டன் அதில் இல்லை. ஒரு இடத்தில் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், ஒரு இடத்தில் இடது ஓரத்திலிருந்து தள்ள வேண்டும், இன்னொரு இடத்தில் மேல் மூலையில் சின்னதாக ஒரு அம்பு இருக்கும். அம்மா இழுப்பாள், பாதியில் விரலை எடுத்துவிடுவாள், வேறு ஏதாவது திறந்துகொள்ளும். அப்புறம் மொழி. அம்மா தமிழ் நன்றாக வாசிப்பாள். ஆங்கிலத்தில் எழுத்து தெரியும், அவ்வளவுதான். ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013-இலேயே வந்துவிட்டது. ஆனால் மெனு, செட்டிங்ஸ் எல்லாம் தமிழில் வந்தது 2025-இல், ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 18.4 பதிப்பில்தான். எங்களுக்கு அது பிந்திவிட்டது. எது 'டெலிட்', எது 'கேன்சல்' என்று புரியாமல் பேரன் மொட்டை போட்ட படத்தை அழித்துவிட்டாள். அதை என்னிடம் சொல்லவே இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் போனைத் தொடவில்லை.

எனக்கு உண்மையில் உறுத்தியது வேறு. நானும் அதுவரை ஐபோனைக் கையில் பிடித்ததில்லை. அழித்த படம் 30 நாள் வரைக்கும் உள்ளேயே தனியாக ஓரிடத்தில் இருக்கும் என்பது அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் நேரம். அம்மாவின் சந்தேகம் வருவதோ பகல் பதினொரு மணிக்கு, பக்கத்தில் நான் மட்டும் இருக்கும்போது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினோம். ஆன் செய்ததும் மொழி கேட்டது, தமிழ் என்று கொடுத்தோம். செட்டிங்ஸில் போய்க் கீழே மூன்று பட்டன் வருகிற மாதிரி வைத்தேன். பின்னால் போவது, முதல் திரைக்குப் போவது, திறந்திருப்பவற்றைப் பார்ப்பது. அம்மா அந்தப் பின்னால் போகும் பட்டனைக் கண்டதும் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கைரேகைதான் எதிர்பார்த்த மாதிரியே ஏறவில்லை. பின் நம்பர் வைத்துக்கொண்டோம்.

முதல் போன் வாங்கும் ஒருவருக்கு நீங்கள் எதைச் சொன்னீர்கள், பிறகு என்ன ஆனது? எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து

சகோதரி, என் கதை கொஞ்சம் பழையது. 2014-இல் என் முதல் ஸ்மார்ட்போன் ஒரு லூமியா, விண்டோஸ் போன். அந்த விலையில் வந்த ஆண்ட்ராய்டுகள் எல்லாம் அன்றைக்குத் திக்கித் திணறும். இது 512 எம்பி ராமிலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். பெரிய பெரிய கட்டங்கள், பெரிய எழுத்து. பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே யார் கூப்பிடுகிறார்கள் என்று படிப்பேன். போன் என்ற அளவில் அதைப் போல ஒன்று எனக்குப் பிறகு அமையவே இல்லை.

ஆனால் செயலிகள் வரவில்லை. 2016 கடைசியில் பணம் அனுப்பும் பீம் செயலி வந்து, ஊரெல்லாம் யுபிஐ பேச ஆரம்பித்தபோது ஆண்ட்ராய்டுக்கு வந்தது, அடுத்து ஐபோனுக்கு வந்தது, என் போனுக்கு வரவில்லை. 2019 டிசம்பர் 31-உடன் விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் நின்றது. நிற்கப் போகிறது என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நான்தான் தள்ளிப் போட்டேன். அதிலிருந்த அரட்டைகளை ஆண்ட்ராய்டுக்கு அப்படியே கொண்டுபோக வழியில்லை என்று கடைசி வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். 2018-இல் இறந்துபோன என் அப்பாவின் குரல் செய்திகள் அதில் பதினேழு இருந்தன. "கண்ணு, மழ பேயுது, வண்டியில வராத" என்று ஒன்று. போனை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மனைவியின் போனை ஒட்டி வைத்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்தேன். பின்னால் மிக்ஸி சத்தத்தோடுதான் அப்பா பேசுகிறார்.

அதனால் யாராவது முதல் போன் பற்றிக் கேட்டால் நான் கேமராவைப் பற்றிப் பேச மாட்டேன். இந்த ஓஎஸ், அதாவது போனை இயக்கும் மென்பொருள், இன்னும் எத்தனை வருடம் இருக்கும், இதிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எதைக் கூடவே எடுத்துப் போகலாம், இதைத்தான் கேட்பேன். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வாட்ஸ்அப் அரட்டையை மாற்றும் வசதி 2022-இல் வந்துவிட்டது. ஆனால் புதுப் போனை முதன்முதலாகத் திறந்து அமைக்கும்போதே செய்துவிட வேண்டும். எல்லாம் அமைத்து முடித்த பிறகு ஞாபகம் வந்தால், போனைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

சுங்குவார்சத்திரத்திலிருந்து

அக்கா, நான் இங்கே ஹாஸ்டலில் தங்கி ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இந்த வட்டாரத்தில்தான் ஐபோன் தயாராகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலோ என்னவோ, எங்கள் அறையில் எட்டுப் பேருக்கும் முதல் சம்பளத்தில் ஐபோன் என்பது ஒரு ஆசை. புதுசு வாங்கக் கட்டாது. பழசு வாங்கலாம் என்று ஒரு செகண்ட் ஹேண்ட் கடைக்கு இரண்டு பேர் போனோம்.

போன் பளபளவென்று இருந்தது. பேட்டரி ஹெல்த் 81 சதவீதம். என்கூட வந்த தோழிக்குக் கொஞ்சம் விவரம் தெரியும். "அண்ணா, எங்க முன்னாடியே ஒரு தடவ முழுசா அழிச்சுக் காட்டுங்க" என்றாள். கடைக்காரர் ஏற்கனவே அழித்துவிட்டதாகச் சொன்னார். அவள் விடவில்லை. அழித்துத் திரும்ப ஆன் செய்தபோது முன்பு வைத்திருந்தவரின் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது. அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் அந்தப் போனை யாராலும் பயன்படுத்த முடியாது. திருடு போன போனாக இருக்கலாம், மறந்துபோய் விற்றதாகவும் இருக்கலாம். எங்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. வந்துவிட்டோம்.

பழசு வாங்கும் எல்லோரும் இதைச் செய்யுங்கள், ஆண்ட்ராய்டுக்கும் இதே மாதிரி பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் பூட்டு உண்டு. இன்னொன்று, *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும், ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண் அது. KYM என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்தப் போன் முடக்கப்பட்டதா என்று பதில் வரும்.

கடைசியில் நான் வாங்கியது புது ஆண்ட்ராய்டு. அம்மா அப்பா கையில் இருப்பதும் அதுதான் என்பதால், பட்டனைச் சொல்லிக் கொடுக்க எனக்குச் சுலபமாக இருக்கிறது. ஐபோன் ஆசை போகவில்லை, அடுத்த போனுக்கு வைத்திருக்கிறேன். எங்கள் அறையில் ஒரு அக்கா சீட்டு எடுத்துப் புதுசாகவே வாங்கினார். நான்கு வருடம் வைத்திருக்கப் போகிறேன் என்கிறார், வைத்திருப்பார். ஐபோனுக்கு அந்தப் பெருமை உண்டு. ஆலங்குளம் அக்கா சொன்ன எக்ஸ்ஆர் 2018-இல் வந்தது, அதற்கு 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 வரைக்கும் கிடைத்தது. 2025-இல்தான் பட்டியலிலிருந்து விடுபட்டது.

கும்பகோணத்திலிருந்து

மொபைல் கடையில் 11 வருடம் நின்றவன் நான். முதன்முதலாக வாங்க வருபவர்களைப் பார்த்ததுமே தெரியும். போனைத் தொட மாட்டார்கள். "நல்லதா ஒண்ணு குடு தம்பி" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "வீட்ல மத்தவங்க என்ன போன் வெச்சிருக்காங்க?" அடுத்து, "யார் சொல்லித் தருவாங்க?" இரண்டுக்கும் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பேத்தி ஐபோன், அதே வீட்டில் கூடவே இருக்கிறாள் என்றால், பணமும் இருந்தால், தாத்தாவுக்கு ஐபோனே கொடுக்கலாம். தயக்கமே வேண்டாம்.

ஆண்ட்ராய்டு என்று முடிவானால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஐபோனை ஆப்பிள் மட்டும் செய்கிறது. ஆண்ட்ராய்டை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்கு உடுத்திக் கொடுக்கிறது. ஒன்றில் செட்டிங்ஸ் ஓரிடத்தில் இருக்கும், இன்னொன்றில் வேறிடத்தில். ஒன்றில் பூட்டிய திரையிலேயே விளம்பரப் படம் ஓடும், பெரியவர்கள் அதைத் தொட்டுவிட்டு எங்கோ போய் நிற்பார்கள். வாங்கின அன்றைக்கே கடையிலேயே அதை அணைத்துத் தரச் சொல்லுங்கள்.

விலை குறைந்த போன்களில் ஆண்ட்ராய்டு கோ என்று ஒன்று வரும். ராம் குறைவான போன்களுக்காக மெலிதாக்கியது. பேச, படம் பார்க்கப் போதும். சேமிப்பிடம் 32 ஜிபி உள்ளது மட்டும் வேண்டாம். ஓஎஸ்ஸே அதில் பாதிக்குப் பக்கம் எடுத்துக்கொள்ளும், மீதியைக் குடும்ப குரூப்பின் காலை வணக்கப் படங்கள் நாலே மாதத்தில் நிரப்பிவிடும். பிறகு அப்டேட் இறங்க இடம் இருக்காது.

அந்த அப்டேட்டை யாரும் கேட்பதே இல்லை, அதுதான் என் வருத்தம். பிக்சல் 8 வந்தபோது கூகுளும், எஸ்24 வந்தபோது சாம்சங்கும் 7 வருடம் தருவதாகச் சொன்னார்கள். மலிவான போன்களுக்கு அவ்வளவு கிடைக்காது, மாடலுக்கு மாடல் மாறும். எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் முன்பு வெளியான மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த இரண்டு வருடம் ஏற்கனவே கழிந்துவிட்டது என்று கணக்கு வையுங்கள்.

ஒரு ஓய்வுபெற்ற பெரியவர், என்னிடம் வாங்கியவர்தான், ஒரு நாள் போனோடு வந்து உட்கார்ந்தார். கை நடுங்கியது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது, பெயரின் கடைசியில் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு. தொட்டிருக்கிறார், நிறுவவா என்று கேட்டதற்கு ஆமாம் கொடுத்திருக்கிறார். ஓடிபி எல்லாம் வேறு எங்கோ போக, 38,000 ரூபாய் போயிருந்தது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேச வைத்தேன். ஐபோனில் இப்படி ஒரு ஏபிகே ஏறவே ஏறாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'தெரியாத ஆப்ஸ் நிறுவுதல்' என்ற இடத்தில் வாட்ஸ்அப், குரோம் எல்லாவற்றுக்கும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அன்றிலிருந்து முதல் போன் வாங்குபவர் யாராக இருந்தாலும் இதைப் பார்க்காமல் நான் பெட்டியைக் கையில் கொடுப்பதில்லை.

தருமபுரியிலிருந்து

எங்கள் ஆயாவுக்கு இரண்டும் இல்லை, ஜியோபோன். 2018-இல் 1,500 ரூபாய் டெபாசிட் கட்டி வாங்கினோம். அதில் ஓடுவது காய்ஓஎஸ், பயர்பாக்ஸ் ஓஎஸ் வழியில் வந்தது. பட்டன் இருந்தது, யூடியூப் இருந்தது. பாட்டுக் கேட்டுக்கொண்டு ஆடு மேய்த்தார். எல்லோரும் தொடுதிரைக்கு வந்தே ஆக வேண்டும் என்று இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

மறுபடியும் ஆலங்குளத்திலிருந்து

கும்பகோணம் அண்ணன் சொன்ன அனுமதி விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இந்த மாதிரி மோசடிகளுக்குப் பயந்து, "எது கேட்டாலும் வேண்டாம்னு அமுக்கும்மா" என்று பழக்கியிருந்தேன். யுபிஐ போடும்போது அது எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி கேட்டது. அம்மா நான் சொன்ன சொல் தவறாமல் வேண்டாம் என்று அமுக்கினாள். மறுபடி கேட்டது, மறுபடி வேண்டாம். வங்கியில் நாங்கள் கொடுத்த நம்பரின் சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்யத்தான் அந்த எஸ்எம்எஸ். ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கு அது பிடிபடவில்லை. இப்போது எதற்கு ஆமாம், எதற்கு வேண்டாம் என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

மகளிர் உரிமைத்தொகை ஏறினதைத் தானே பார்த்துச் சொல்கிறாள். பீடி இலை கொடுத்த கணக்கு நோட்டைச் சனிக்கிழமைதோறும் படம் எடுத்து வைக்கிறாள்.

பக்கத்து வீட்டுச் சித்திக்கும் போன் வாங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்குப் போகிறார்கள். நான் வரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். கூடப் போகிறது அம்மாதான். சித்தியின் போனிலும் அந்த மூன்று பட்டனை எங்கே போய் வைப்பது என்று நேற்று ராத்திரி என்னிடம் இரண்டு தடவை கேட்டு, தானே செய்து பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.