புதுப்பிப்பு: மகனின் பொன்னுக்கு வீங்கி வடிந்துவிட்டது

எட்டு வயது மகனுக்கு இடது காதடியில் வீக்கம், காய்ச்சல் என்று இரண்டு வாரம் முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பொன்னுக்கு வீங்கிதான் என்றார் மருத்துவர். வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் இல்லை. எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். மூன்றாம் நாள் வலப்பக்கமும் வீங்கியபோது பதறிப்போனேன். அப்படி வருவது வழக்கம்தானாம்.

உண்மையில் கைகொடுத்தது, புளிப்பை நிறுத்தச் சொன்ன அக்காவின் யோசனை. நான் கொடுத்த எலுமிச்சைச் சாறு உமிழ்நீரைத் தூண்டி வலியைக் கூட்டியிருக்கிறது. குழைந்த கஞ்சிக்கு மாறியதும் பிள்ளை சாப்பிட்டான். பத்தாம் நாள் வீக்கம் முழுதும் வடிந்தது.

எதிர்பாராதது ஒன்று: அரசு அட்டவணைப்படி அவனுக்குப் போட்ட தட்டம்மை, ரூபெல்லா ஊசியில் இந்நோய்க்கான தடுப்பு இல்லை, அது எம்எம்ஆர் ஊசியில்தான் இருக்கிறது. வீக்கம் தொடங்கி 5 நாள் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். விதைப்பையில் வலி, கடும் தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.